இணையம் இல்லாத நெட்வொர்க்கில் நேரம் தப்புகிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யலாம்

பெங்களூரில் பீன்யா, பொம்மசந்திரா, ஜிகணி பக்கம் வேலை பார்க்கிறவர்களுக்கு இது பழக்கமான விஷயம். கஸ்டமரின் டிராயிங் வெளியே போகக்கூடாது என்பதற்காக ஷாப் ஃப்ளோர் நெட்வொர்க்குக்கு இணையமே கொடுக்க மாட்டார்கள். சிஎன்சி மெஷினுக்குப் புரோகிராம் அனுப்பும் பிசி, வருகைப் பதிவு மெஷின், கேமரா ரெக்கார்டர், லேபிள் பிரிண்டருக்கான பிசி, ஒரு ஃபைல் சர்வர் எல்லாம் ஒரே சுவிட்சில் இருக்கும், வெளியே ஒரு கேபிள்கூடப் போகாது. பாதுகாப்புக்கு நல்லதுதான், ஆனால் அந்த நெட்வொர்க்குக்கு நேரம் சொல்ல ஆளில்லாமல் போய்விடுகிறது. சில மாதங்களில் ஒவ்வொரு பெட்டியும் ஒவ்வொரு நேரம் காட்டும். கேமராவில் 10:04-க்கு நடந்தது சர்வர் பதிவில் 9:58-க்கு நடந்ததாக இருக்கும். ஓசூரிலிருந்து பஸ் பிடித்துச் சரியான நேரத்துக்கு வந்து சேர்ந்தவருக்கு லேட் விழும், அவர் சொல்வதை யாரும் நம்ப மாட்டார்கள், ஏனென்றால் மெஷின் சொல்கிறது. அதனால் இதைச் சின்ன விஷயம் என்று தள்ளிவைக்காதீர்கள்.

எதையும் தொடுவதற்கு முன் ஒரு தாளை எடுங்கள். தானாக நேரம் எடுத்துக்கொள்ளும் செல்போனைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு பெட்டியும் அதைவிட எத்தனை விநாடி முன்னால், எத்தனை விநாடி பின்னால் என்று குறித்துக்கொள்ளுங்கள், மறுநாள் அதே வேளையில் இன்னொரு முறை. எவ்வளவு தப்பு என்பதைவிட, அந்தத் தப்பு எப்படி நடந்துகொள்கிறது என்பதுதான் காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். வித்தியாசம் இரண்டு நாளும் அப்படியே நின்றால் செட்டிங்கில் பிழை. கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தால் அந்தப் பெட்டிக்கு யாருமே நேரம் சொல்லவில்லை. முன்னும் பின்னும் குதித்தால் ஒருவருக்கு மேல் சொல்கிறார்கள். இதைப் பார்க்காமல் நேராகப் போய் நேரத்தைத் திருத்திவிட்டால் தடயம் போய்விடும், அடுத்த மாதம் மறுபடி அதே திருத்தம்.

சரியான அமைப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நெட்வொர்க்கில் ஒரே ஒரு பெட்டி டைம் சர்வர். மற்ற எல்லாம் அதைப் பின்பற்ற வேண்டும், எதையும் கையால் திருத்தக்கூடாது, திருத்தினால் டைம் சர்வரை மட்டும். இதற்கான என்டிபி என்கிற முறையை டேவிட் மில்ஸ் 1985-இல் வகுத்தார், யுடிபி 123-ஆம் போர்ட்டில் ஓடுகிறது, இணையம் இருக்கிறதா இல்லையா என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. லினக்ஸ் பெட்டி ஒன்று இருந்தால் அதில் என்டிபி பேசும் குரோனி என்ற மென்பொருளைப் போடுங்கள். டைம் சர்வருக்குப் புதிய கம்ப்யூட்டர் வேண்டியதில்லை, இருபத்துநாலு மணி நேரமும் யுபிஎஸ்ஸில் ஓடுகிற ஏதாவது ஒரு பெட்டி போதும்.

வித்தியாசம் நகரவே இல்லை, அதுவும் முழு எண்ணாக இருக்கிறது

இதுதான் எல்லாவற்றிலும் சுலபம், நேர மண்டலம் தப்பு. எண்ணைப் பார்த்தே எந்த ஊர் என்று சொல்லிவிடலாம். 5 மணி 30 நிமிஷம் பின்னால் என்றால் பெட்டி யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கிறது. 2 மணி 30 நிமிஷம் முன்னால் என்றால் சீன நேரம், நிறைய கேமராக்களும் ரெக்கார்டர்களும் வாங்கும்போது அப்படித்தான் வருகின்றன. 15 நிமிஷம் முன்னால் என்றால் யாரோ காத்மாண்டுவைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள், 30 நிமிஷம் பின்னால் என்றால் கராச்சி. விண்டோஸ் பட்டியலில் சென்னை, கொல்கத்தா, மும்பை, புது டெல்லி நான்கும் ஒரே வரியில் இருக்கும், அதைத்தான் எடுக்க வேண்டும். வருஷத்தில் சில மாதங்கள் மட்டும் சரியாக ஒரு மணி நேரம் தப்பினால், கோடைக்கால நேரம் என்ற டிக் விழுந்திருக்கிறது. நமக்கு அது கிடையாது, எடுத்துவிடுங்கள்.

மண்டலத்தைத் திருத்தாமல் கடிகாரத்தை அஞ்சரை மணி நேரம் தள்ளிவைத்துச் சமாளிப்பவர்கள் உண்டு. பார்வைக்குச் சரியாகத் தெரியும், ஆனால் என்டிபி எப்போதும் யுடிசியில்தான் பேசும் என்பதால் அடுத்த முறை சர்வரிடம் கேட்டதும் பெட்டி பழைய தப்புக்கே திரும்பும். "நான் திருத்தினால் நிற்கமாட்டேன் என்கிறது" என்று யாராவது சொன்னால் முதலில் இதைத்தான் சந்தேகிப்பேன்.

ஒரே பிசியில் விண்டோஸும் லினக்ஸும் இருந்தால் இன்னொரு வகை அஞ்சரை மணி வரும். மதர்போர்டில் இருக்கிற கடிகாரத்தில் விண்டோஸ் உள்ளூர் நேரத்தை எழுதிவைக்கும், லினக்ஸ் அங்கே யுடிசி இருப்பதாக எடுத்துக்கொள்ளும். அதனால் மாறி மாறி பூட் செய்யும்போது லினக்ஸ் முன்னால் போகும், விண்டோஸ் பின்னால் வரும். இணையம் இருக்கிற இடத்தில் கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகிவிடும், நம் நெட்வொர்க்கில் ஆகாது. விண்டோஸ் தன் செட்டிங்குகளை வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ரியல்டைம்இஸ்யுனிவர்சல் என்ற மதிப்பை 1 ஆக்குங்கள், இரண்டும் யுடிசிக்கு வந்துவிடும்.

கரண்ட் போய் வந்தால் பழைய வருஷம் காட்டுகிறது

மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. புதிதாக இருக்கும்போது மல்டிமீட்டரில் 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும், தெளிவாகக் குறைந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

தேதி 1970 ஜனவரி 1, காலை 5:30 என்று வந்தால் விஷயம் வேறு. அந்தப் பெட்டி நேரத்தை எங்கிருந்தும் எடுக்கவில்லை, பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. ராஸ்பெரி பை என்ற கையளவு கம்ப்யூட்டரில், பை 4 வரைக்கும், மின்சாரம் இல்லாதபோது ஓடும் கடிகாரமே போர்டில் கிடையாது. அது 1970-க்குப் போகாமல், கடைசியாகக் குறித்துவைத்த நேரத்திலிருந்து மறுபடி தொடங்கும், ஆக மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை என்றால் குறைந்தது மூன்று மணி நேரம் பின்தங்கிவிடும். பை 5-இல் கடிகாரம் இருக்கிறது, பேட்டரியைத் தனியாக வாங்க வேண்டும். பழைய பை-யை டைம் சர்வராக வைத்திருந்தால் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் எஸ்.பி. ரோட்டில் டிஎஸ்3231 என்ற கடிகார மாட்யூல் ஒன்று வாங்கி மாட்டுங்கள். அந்தச் சிப் வெப்பநிலையைப் பார்த்துத் தன்னைத்தானே திருத்திக்கொள்ளும், 0 முதல் 40 டிகிரிக்குள் பத்து லட்சத்தில் 2 பங்குதான் பிழை, வருஷத்துக்கு ஒரு நிமிஷம் என்று வைத்துக்கொள்ளலாம். விலை குறைவு என்று டிஎஸ்1307 வாங்காதீர்கள், அதில் இந்தத் திருத்தம் இல்லை. இன்னொன்று, மலிவான டிஎஸ்3231 போர்டுகளில் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் சர்க்யூட் சேர்ந்தே வரும். அதில் சாதாரண சிஆர்2032-ஐப் போட்டு 5 வோல்ட் கொடுத்தால் சார்ஜ் ஆகக்கூடாத பேட்டரிக்குச் சார்ஜ் ஏறும், அது ஆபத்து. 3.3 வோல்ட்டில் இணையுங்கள், அல்லது சார்ஜ் ஆகக்கூடிய எல்ஐஆர்2032 போடுங்கள்.

பேட்டரி எல்லாம் நன்றாக இருந்தும் கரண்ட் வந்ததும் குழப்பம் என்றால், எது முதலில் எழுந்தது என்று பாருங்கள். எல்லாப் பெட்டியும் ஒரே நேரத்தில் எழுந்து, டைம் சர்வர் மட்டும் கடைசியில் எழுந்தால், மற்றவை அது வருவதற்குள் கேட்டுப்பார்த்துப் பதில் கிடைக்காமல் விட்டுவிடும், சில பெட்டிகள் அப்புறம் பல மணி நேரத்துக்குத் திரும்பக் கேட்காது. டைம் சர்வரையும் அதற்குப் போகும் சுவிட்சையும் யுபிஎஸ்ஸில் வைக்கச் சொல்வது இதற்காகத்தான். சுவிட்சை மறந்துவிடுவார்கள்.

தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வளர்கிறது

நேரம் ஓடினால் பேட்டரியை மாற்று என்று எல்லோரும் சொல்வார்கள். பெட்டி இருபத்துநாலு மணி நேரமும் ஓடிக்கொண்டிருக்கும்போது வரும் தப்புக்கும் அந்தப் பேட்டரிக்கும் சம்பந்தமே இல்லை, தயவுசெய்து அதற்காக சர்வரைத் திறக்காதீர்கள். காரணம் கிரிஸ்டல், அதாவது கடிகாரத்துக்குத் தாளம் போடும் சின்னப் படிகம். சாதாரண கிரிஸ்டல் பத்து லட்சத்தில் 20 பங்கு தப்புவது ரொம்ப இயல்பு, அதுவே ஒரு நாளைக்கு 1.7 விநாடி, மாதத்துக்கு 50 விநாடிக்குப் பக்கம். வெயிலும் இதில் விளையாடும். கடிகாரங்களில் வரும் 32,768 ஹெர்ட்ஸ் கிரிஸ்டல் 25 டிகிரியில் ஓடுவதற்காக வெட்டப்பட்டது, அதைவிடச் சூடானாலும் குளிர்ந்தாலும் மெதுவாகத்தான் ஓடும். பெங்களூர் தட்பவெப்பம் இதமானதுதான், ஆனால் தகரக் கூரைக்குக் கீழே, கம்ப்ரசருக்குப் பக்கத்தில், மூடிய பேனலுக்குள் 45 டிகிரி சாதாரணம். அந்த 20 டிகிரி ஏற்றத்துக்கே நாளொன்றுக்கு 1.2 விநாடி போய்விடும்.

இப்போது தாளைப் பாருங்கள். ஒரு பெட்டி மட்டும் வளர்ந்தால் அது டைம் சர்வரைப் பின்பற்றவில்லை, அடுத்த பகுதிக்குப் போங்கள். எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போய், மொத்தமாக வெளி நேரத்திலிருந்து விலகினால் நல்ல செய்தி: உங்கள் நெட்வொர்க் ஒழுங்காக இருக்கிறது, டைம் சர்வர் ஒன்றைத்தான் கவனிக்க வேண்டும். நிறைய இடங்களில் இந்த ஒத்துப்போவதே போதும், கேமராவும் சர்வரும் ஒரே நேரம் சொன்னால் நடந்ததை வரிசைப்படுத்திவிடலாம்.

விலகலைக் குறைக்க குரோனியில் அருமையான வசதி ஒன்று இருக்கிறது. கான்ஃபிக் ஃபைலில் மேனுவல் என்று ஒரு வரி சேர்த்துவிட்டு, போனில் இருக்கும் நேரத்தை குரோனிசி செட்டைம் கட்டளையால் கொடுங்கள். சில நாள் கழித்து இன்னொரு முறை, அப்புறம் இன்னொரு முறை. ஒவ்வொரு முறையும் அது எவ்வளவு தப்பியது என்பதை வைத்து, அந்தக் கிரிஸ்டல் எந்த வேகத்தில் தப்புகிறது என்று குரோனி கணக்குப் போட்டு, நீங்கள் பக்கத்தில் இல்லாதபோதும் அந்த வேகத்தைத் திருத்திக்கொண்டே இருக்கும். அடுத்தடுத்த நிமிஷங்களில் கொடுத்தால் பயனில்லை, உங்கள் விரல் தாமதம்தான் கணக்கில் ஏறும். நாள் இடைவெளி வேண்டும்.

சர்வர் இருக்கிறது, பிங் போகிறது, ஆனால் கிளையண்ட் நேரத்தை ஏற்கவில்லை

கிளையண்டில், அதாவது நேரம் கேட்கும் பெட்டியில், குரோனிசி சோர்சஸ் என்ற கட்டளையை அடித்து ரீச் என்ற பத்தியைப் பாருங்கள். கடைசி எட்டு முறை கேட்டதில் எத்தனை முறை பதில் வந்தது என்பதை எட்டடிமான எண்ணாகக் காட்டும். 377 என்றால் எட்டும் வந்தது. 0 என்றால் ஒன்றுமே வரவில்லை, அப்படியானால் நேரத்தை விட்டுவிட்டு வழியைத் தேடுங்கள்: சர்வரின் ஃபயர்வாலில் யுடிபி 123 உள்ளே வர அனுமதி இருக்கிறதா, குரோனியில் அலவ் என்ற வரியில் உங்கள் ஐபி வரிசை இருக்கிறதா. குரோனி யாருக்கும் தானாக நேரம் கொடுக்காது, இந்த வரி இல்லாமல்தான் பாதிப் பேர் திணறுகிறார்கள். பிங் வேலை செய்வது, அதாவது சர்வர் நெட்வொர்க்கில் எட்டுகிறது என்பது, இங்கே எதையும் நிரூபிக்காது.

ரீச் 377, ஆனாலும் பெயருக்கு முன்னால் நட்சத்திரக் குறி வரவில்லை என்றால், பதில் வருகிறது, ஆனால் அந்தப் பதிலில் "எனக்கே நேரம் தெரியாது" என்று சர்வர் சொல்கிறது. என்டிபியில் ஒவ்வொரு பெட்டிக்கும் ஸ்ட்ராட்டம் என்ற படி உண்டு. அணுக் கடிகாரத்தையோ ஜிபிஎஸ்ஸையோ நேரடியாகப் பார்ப்பது 1, அதைப் பார்ப்பது 2, இப்படி 15 வரை, 16 என்றால் நேரம் ஒத்திசையவில்லை என்று பொருள். இணையம் இல்லாத சர்வர் தன்னை 16 என்று நேர்மையாகச் சொல்லிக்கொள்ளும், கிளையண்ட் ஒதுக்கிவிடும். சர்வரில் லோக்கல் ஸ்ட்ராட்டம் 10 என்று ஒரு வரி போடுங்கள். என் சொந்தக் கடிகாரத்தையே நம்பலாம் என்று அது மற்றவர்களுக்குச் சொல்லும். 1 என்று போடாதீர்கள், நாளைக்கு உண்மையான ஜிபிஎஸ் ஒன்று வந்தால் அதோடு சண்டைக்கு நிற்கும்.

இந்த வரி டைம் சர்வரில் மட்டும்தான் இருக்க வேண்டும். பழைய வழிகாட்டிகளைப் பார்த்து, இதே வேலையைச் செய்யும் 127.127.1.0 என்ற வரியை எல்லாப் பெட்டியிலும் ஒட்டிவைத்திருப்பார்கள், தேடித்தேடி எடுங்கள்.

குரோனிக்குப் பதிலாகப் பழைய என்டிபிடி மென்பொருள் ஓடுகிற பெட்டி தொடங்கியவுடன் நின்றுபோகிறதா? 1000 விநாடிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அது பயந்து வெளியேறிவிடும். தொடங்கும்போது ஜி ஆப்ஷன் கொடுத்தால் முதல் தடவை மட்டும் எவ்வளவு இருந்தாலும் ஏற்றுக்கொள்ளும்.

குதிக்கிறது

ஒருவருக்கு மேல் யார் யார் நேரம் சொல்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. விர்ச்சுவல் மெஷினாக இருந்தால் ஹோஸ்ட், அதாவது அதைத் தனக்குள் ஓட்டும் கம்ப்யூட்டர், ஒரு நேரம் திணிக்கும், உள்ளே ஓடும் குரோனி இன்னொன்று. ஒன்றை நிறுத்துங்கள், நான் ஹோஸ்ட்டின் ஒத்திசைவை நிறுத்திவிட்டு உள்ளே இருப்பதை வைத்துக்கொள்ளச் சொல்வேன். கேமராவில் என்டிபியும் ஆன், ரெக்கார்டரும் கேமராவுக்கு நேரம் அனுப்புகிறது என்றால் அதே கதை. ரெக்கார்டருக்குப் பின்னாலேயே கேமராக்கள் தனி நெட்வொர்க்கில் இருந்தால் அவற்றால் டைம் சர்வரைத் தொடவே முடியாது, அங்கே ரெக்கார்டர் சொல்வதை மட்டும் வைத்துக்கொண்டு, ரெக்கார்டரை டைம் சர்வருக்குத் திருப்புங்கள். வருகைப் பதிவு மெஷின்களில் பலவும் அதன் சாஃப்ட்வேர் ஓடும் பிசியிலிருந்துதான் நேரம் எடுக்கும், ஆக அந்த பிசி சரியாக இருந்தால்தான் பஞ்ச் சரியாக இருக்கும்.

பாதுகாப்புக்கு என்று இரண்டு டைம் சர்வர் வைப்பது நல்ல யோசனை போலத் தோன்றும். இரண்டும் வேறு வேறு நேரம் சொன்னால் யார் சரி என்று கிளையண்டால் முடிவு செய்யவே முடியாது. ஒன்று வையுங்கள், அல்லது குறைந்தது மூன்று.

விண்டோஸ் மட்டும் தனி வழி

டபிள்யூ32டிஎம் கட்டளையில் குவெரி சோர்ஸ் கேளுங்கள். லோக்கல் சிமாஸ் க்ளாக் என்று வந்தால் அது யாரையும் பின்பற்றவில்லை. டொமைனில், அதாவது லாகினை ஒரு மைய சர்வர் கவனிக்கும் அமைப்பில், இல்லாத பிசிகளில் பழைய விண்டோஸ் பதிப்புகள் ஏழு நாளைக்கு ஒரு முறைதான் கேட்கும், ரெஜிஸ்ட்ரியில் ஸ்பெஷல்போல்இன்டர்வல் மதிப்பு 604800 என்று இருக்கும், அதை 3600 ஆக்குங்கள். தேதி 15 மணி நேரத்துக்கு மேல் தப்பியிருந்தால் அப்படிப்பட்ட பிசி திருத்தவே மறுக்கும், கையால் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டு அப்புறம் ரீசிங்க் கொடுங்கள்.

டொமைன் இருந்தால், பாஸ்வேர்டு சரியாகப் போட்டும் லாகின் ஆகவில்லை என்பதுதான் அறிகுறியாக வரும். அங்கே லாகினைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் என்ற முறை 5 நிமிஷ வித்தியாசம் வரைதான் பொறுக்கும். பிடிசி எமுலேட்டர் என்ற பொறுப்பு எந்த டொமைன் கன்ட்ரோலரிடம் இருக்கிறதோ அதை மட்டும் டைம் சர்வருக்குத் திருப்புங்கள், மற்ற பிசிகள் தாமாகப் பின்தொடரும்.

லினக்ஸே இல்லை, விண்டோஸ் பிசிதான் டைம் சர்வர் என்றால் ரெஜிஸ்ட்ரியில் என்டிபிசர்வரை எனேபிள் செய்து, அனவுன்ஸ்ஃபிளாக்ஸ் மதிப்பை 5 ஆக்கி, சர்வீஸை மறுபடி தொடங்குங்கள்.

சர்வரே முன்னால் ஓடியிருக்கிறது, பின்னால் இழுக்க வேண்டும்

பின்தங்கியதை முன்னால் தள்ளுவதில் பெரிய ஆபத்து இல்லை, நடுவில் ஓட வேண்டிய ஏதாவது வேலை விடுபட்டதா என்று பார்த்தால் போதும். நாலு நிமிஷம் முன்னால் ஓடியதைப் பின்னால் இழுக்கும்போதுதான் அதே நாலு நிமிஷம் இரண்டு முறை வரும், டேட்டாபேஸில் பின்னால் நடந்தது முன்னால் நடந்ததாகப் பதியும், ஒரே ஆளுக்கு இரண்டு பஞ்ச் விழும். அதனால் கடிகாரத்தை மெதுவாக ஓடவிட்டுக் கரையுங்கள். குரோனியில் மேக்ஸ்ஸ்லூரேட் என்பதை 400 என்று வைத்தால் எல்லாக் கிளையண்டும் கூடவே நிதானமாக வரும், ஆனால் நாலு நிமிஷம் கரைய ஏழு நாள் ஆகும். அவ்வளவு பொறுமை இல்லை என்றால் வார விடுமுறையில் அப்ளிகேஷன்களை நிறுத்திவிட்டு ஒரே அடியாக இழுங்கள். எந்த வழியானாலும் சர்வர் எந்தத் தேதியில் எவ்வளவு தப்பியிருந்தது என்பதை எழுதி எச்ஆர் ஆட்களிடம் கொடுத்துவிடுங்கள், அந்த நாட்களின் லேட் கணக்கை அவர்கள் திருத்த வேண்டும்.

ஜிபிஎஸ் போட்டும் சரிவரவில்லை

வெளி நேரத்தோடும் ஒத்துப்போக வேண்டும் என்றால் ஜிபிஎஸ் ரிசீவர்தான் நேரான வழி. அது வானத்திலிருந்து கேட்கும், எதையும் அனுப்பாது, அதனால் நெட்வொர்க் தனியாகவே இருக்கும். நம் நாவிக் செயற்கைக்கோள்களையும் சேர்த்துக் கேட்கும் ரிசீவர்கள் கிடைக்கின்றன.

தகரக் கூரைக்குக் கீழே சிக்னல் வராது, ஆன்டெனா மொட்டைமாடியில் வானம் பார்த்து இருக்க வேண்டும், கேபிளுக்கு இடிதாங்கி அரெஸ்டர் அவசியம். சிக்னல் இருந்தும் நேரம் விநாடியின் ஒரு பங்குக்கு அலைபாய்ந்தால் நீங்கள் யுஎஸ்பி வழியாக வரும் எழுத்துச் செய்தியை மட்டும் நம்பியிருக்கிறீர்கள். விநாடிக்கு ஒரு துடிப்பு தரும் பிபிஎஸ் பின் வெளியே எடுக்கப்பட்ட போர்டை வாங்கி இணைத்தால் மைக்ரோவிநாடி அளவுக்கு வந்துவிடும். மலிவான போர்டுகள் பலவற்றில் அந்தப் பின் வெளியே வந்திருக்காது, வாங்கும்போதே பாருங்கள்.

சரியாக 18 விநாடி முன்னால் இருந்தால், ஜிபிஎஸ் நேரத்தை யுடிசியாக மாற்றாமல் அப்படியே எடுத்திருக்கிறது. 2017 தொடக்கத்திலிருந்து அந்த வித்தியாசம் 18. புதிதாக ஆன் செய்த ரிசீவருக்கு இந்தத் தகவல் செயற்கைக்கோளிடமிருந்து வந்துசேர 12.5 நிமிஷம் வரை ஆகலாம், அதுவரை பொறுத்துப் பார்த்துவிட்டு அப்புறம் குறை சொல்லுங்கள். மணி, நிமிஷம் எல்லாம் சரி, தேதி மட்டும் 19 வருஷத்துக்கு மேல் பின்னால் என்றால் ரிசீவரின் ஃபர்ம்வேர் பழசு. ஜிபிஎஸ் வாரத்தை 1024 வரைதான் எண்ணும், 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் பூஜ்யத்துக்குத் திரும்பியது, அடுத்தது 2038 நவம்பரில். ஃபர்ம்வேர் புதுப்பிக்க வழியில்லாத ரிசீவரை மாற்றத்தான் வேண்டும்.

மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் வெளியிட்ட உத்தரவு, கம்ப்யூட்டர்களின் நேரம் தேசிய தகவலியல் மையமான என்ஐசி அல்லது டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் டைம் சர்வரோடு, அல்லது அவற்றைப் பின்பற்றும் சர்வரோடு ஒத்திருக்க வேண்டும் என்கிறது. ஆடிட்டர் இதைக் கேட்டால் காட்ட, இணையம் உள்ள ஒரு கம்ப்யூட்டரை அந்த ஆய்வகத்தின் நேரத்தோடு ஒத்திசைத்து, உங்கள் டைம் சர்வர் அதிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று மாதம் ஒரு முறை பார்த்துத் தேதியோடு பதிவேட்டில் எழுதிவையுங்கள்.